பழைய டிரான்சிஸ்டர் செட்டும் புது அடாப்டரும்

கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் கிடக்கின்றன. சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்கள்) கொண்டுவந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன், மைக் செட்காரர் கழித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயர் என்று அதே பரணில் வேறு சாமான்களும் இருக்கும். இந்தக் கரையில் ரேடியோ தெளிவாக எடுப்பதற்குக் கடலும் ஒரு காரணம். மத்திய அலை (மீடியம் வேவ்) உப்பு நீரின் மேல், நிலத்தில் போவதைவிட வெகுதூரம் தெம்பு குறையாமல் போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இலங்கை வானொலி இங்கே உள்ளூர் நிலையத்துக்குச் சமமாகக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்தச் செட்டுகளில் பலவற்றை இன்றைக்கும் பாட வைக்கலாம். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. செல் போடும் இடம் ஒழுகி அரித்திருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரை எடுத்து இரண்டு ஒயரைச் சுற்றிவிடுவார்கள். 'உம்ம்' என்று இரைச்சல் வரும். இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதித்துச் செத்துப்போகும். "பழசு, அவ்வளவுதான்" என்று திரும்பவும் பரணுக்கே போய்விடும். பாவம், செட்டின் மேல் பெரும்பாலும் தப்பு இருக்காது. அந்த சர்க்யூட்டைப் போட்டவர் பேட்டரியை நம்பிப் போட்டார். பேட்டரி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த சில வேலைகளை அடாப்டர் செய்வதில்லை. அவை என்னென்ன என்று தெரிந்துகொண்டால் மாற்று வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

ரெசிஸ்டர், கண்டன்சர், டயோடு இவற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும் என்ற அளவு போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230 வோல்ட் நேராக போர்டுக்குள் வரும் செட் என்றால் மட்டும் முதல் வேலையாக அதைத் தொட வேண்டாம்.

பேட்டரி என்ன செய்துகொண்டிருந்தது?

ஆறு செல் போட்ட செட்டை '9 வோல்ட்' என்கிறோம். புது கார்பன் செல் ஒன்று 1.6 வோல்ட் வரை காட்டும், ஆக ஆரம்பத்தில் 9.6. செல் தீரத் தீர 6 வோல்ட் வரை இறங்கினாலும் ரேடியோ பாட வேண்டும் என்றுதான் சர்க்யூட்டை அமைத்தார்கள். அதனால் கொஞ்சம் குறைவான வோல்ட்டேஜ் பழைய செட்டுக்குப் பெரிய விஷயமே இல்லை. கூடினால்தான் வம்பு.

பேட்டரி தரும் டிசி-யில் அலை கிடையாது. அது வேறு எதனோடும் ஒட்டியில்லாமல் தனியாக நிற்கிறது. அப்புறம், அதற்குள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் பேட்டரி மூச்சுத் திணறி வோல்ட்டேஜ் விழும், டிரான்சிஸ்டர் தப்பிக்கும். நம் தொல்லைகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: "செட்டுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும், நான் 2 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் எரிந்துவிடாதா?" எரியாது. வோல்ட்டேஜ் அடாப்டர் தருவது. கரண்ட் செட் இழுத்துக்கொள்வது. வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் செட் தனக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும் எடுக்கும். ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் அந்த 2 ஆம்பியரும் அங்கே தயாராக நிற்கிறது, பேட்டரிபோலத் திணறாது. அதனால்தான் அடாப்டர் போடும்போது ஃப்யூஸ் கட்டாயம்.

எலிமினேட்டரும் அதன் 'உம்ம்' சத்தமும்

முன்பு கடைகளில் 'பேட்டரி எலிமினேட்டர்' என்று விற்றார்களே, அதற்குள் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், ஒரு கண்டன்சர், அவ்வளவுதான். இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது ஏசி கணக்கு. அந்த அலையின் உச்சி அதைப்போல 1.4 மடங்கு, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். நான்கு டயோடு சேர்ந்து ஏசி-யை டிசி ஆக்கும் அமைப்புக்கு பிரிட்ஜ் என்று பெயர்; அதில் ஒரு நேரத்தில் வேலை செய்யும் இரண்டு டயோடுகள் சேர்ந்து 1.4 வோல்ட் தின்றுவிடும். கண்டன்சரில் மீதி நிற்பது 15.5 வோல்ட் சுமார். லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். '9 வோல்ட்' என்று எழுதிய எலிமினேட்டரை வெறுமனே மீட்டரில் வைத்தால் 12, 13 காட்டுவது இதனால்தான்.

இனி அந்த உம்ம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் அலையின் இரண்டு பாதியையும் எடுப்பதால் விநாடிக்கு 100 தடவை கண்டன்சர் நிரம்பும். நடுவில் செட் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்கு எளிய கணக்கு: கரண்ட்டை 100-ஆல் வகுத்து, வருவதைக் கண்டன்சரின் அளவால் வகுங்கள். அரை ஆம்பியர் இழுக்கும் செட்டுக்கு 2200 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறத்தாழ 2.3 வோல்ட் ஏற்ற இறக்கம். அது ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கும். அதைவிட ஆழமாக, 50 ஹெர்ட்ஸில் கேட்டால் பிரிட்ஜில் ஒரு டயோடு போயிருக்கலாம், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஷீல்டு இல்லாத ஒயர் போகிறது. காதாலேயே பாதி கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து ரெகுலேட்டர் ஐசி. 9 வோல்ட்டுக்கு 7809, 12-க்கு 7812. இவற்றுக்கு உள்ளே வரும் வோல்ட்டேஜ் வெளியே போவதைவிட 2 முதல் 2.5 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும்; அலையின் அடிப்பகுதியும் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. உள்பக்கம் 0.33, வெளிப்பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களைக் காலுக்கு ஒட்டியே பற்றவையுங்கள். நான்கு செல் செட்டுக்கு 6 வோல்ட் வேண்டுமென்றால் எல்எம்317-உடன் 240 ஓம், 910 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் கச்சிதமாக 6 வரும். மிச்ச வோல்ட்டேஜ் சூடாகத்தான் போகும்: 15.5 உள்ளே, 9 வெளியே, 0.3 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 2 வாட். விரல் அளவு அலுமினியத் தகடாவது திருகிவிட வேண்டும்.

ரேடியோ என்றால் இன்னொரு சின்ன வேலை: பிரிட்ஜின் நான்கு டயோடுகளுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் ஒவ்வொன்று. நிலையம் பிடிக்கும்போது மட்டும் வந்து, நிலையம் இல்லாத இடத்தில் மறைந்துவிடும் ஒருவித உம்ம் உண்டு. அது இதனால் அடங்கும்.

எஸ்எம்பிஎஸ் அடாப்டர் ஏன் ரேடியோவுக்கு ஆகாது

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் லேசான அடாப்டர்கள் எல்லாம் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை). வோல்ட்டேஜ் கச்சிதமாக இருக்கும், விலையும் குறைவு. ஆம்ப்ளிஃபயருக்குத் தாராளமாகப் போடலாம். மத்திய அலை ரேடியோவுக்குப் போட்டால்தான் தகராறு.

இவை கரண்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. வெட்டும் வேகத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அடுக்கடுக்காக இரைச்சல் கிளம்பும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்எம்2596 பக் போர்டை எடுத்துக்கொள்வோம்; இதே முறையில் டிசி வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் போர்டு அது. அந்த ஐசி-யின் வேகம் 150 கிலோஹெர்ட்ஸ் என்று அதன் குறிப்பேடு சொல்கிறது. அதன் ஏழு மடங்கு 1050. தூத்துக்குடி வானொலி மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 கிலோஹெர்ட்ஸ், அதாவது காதில் அறையும் ஒரு விசில். நிஜத்தில் ஐசி-யின் வேகம் சூட்டுக்கும் தயாரிப்புக்கும் ஏற்பக் கொஞ்சம் நகரும். விசிலும் அதோடு நகர்ந்து பக்கத்து நிலையத்தின் மேல் உட்காரும். கடல் கடந்து வரும் சன்னமான நிலையங்கள் முதலில் காணாமல் போகும்.

பிளஸ் ஒயரில் 100 மைக்ரோஹென்றி காயில் ஒன்றைத் தொடராகவும், அதை அடுத்து பிளஸ், மைனஸ் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றையும் சேர்த்தால் ஒயர் வழியாக வரும் இரைச்சல் குறையும். காற்றில் வருவதை அது தடுக்காது; ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி அதை நேராகவே பிடித்துக்கொள்ளும். ரேடியோவை ரேடியோவாகக் கேட்க வேண்டும் என்றால் பழைய கனமான ட்ரான்ஸ்ஃபார்மர், இல்லையேல் பேட்டரி என்பதே என் கட்சி.

எர்த் முள் இல்லாமல் இரண்டு முள் மட்டும் உள்ள அடாப்டரில் வேறொரு வேடிக்கை: செட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் குறுகுறுக்கும். இரைச்சலை அடக்க உள்ளே போட்டிருக்கும் சின்ன கண்டன்சர் வழியாக மெயின்ஸ் கொஞ்சம் கசிவதால் வருவது அது. நல்ல அடாப்டரில் ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் டேப் ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டில் உம்ம் கிளப்பிவிடும்.

பேட்டரி போடுவதானால் இன்றைய லித்தியம் செல்கள் பழைய கணக்குக்கு அழகாகப் பொருந்துகின்றன. 18650 லித்தியம் அயன் இரண்டு தொடராக வைத்தால் 8.4-இல் தொடங்கி 6-இல் முடியும். ஆறு செல் ரேடியோ ஓட வேண்டிய எல்லை ஏறத்தாழ அதேதான். நான்கு செல் செட்டுக்கு லித்தியம் அயன் பாஸ்பேட் இரண்டு, 6.4 வோல்ட். பாதுகாப்பு போர்டு இல்லாமல் இவற்றைப் போடாதீர்கள். ஷார்ட் ஆனால் இவை கார்பன் செல்போலச் சாதுவாகச் சாகாது. படகில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சார்ஜ் ஏறும்போது அது 14.4 வரை போகும். அதை 9 வோல்ட் செட்டுக்கு நேராகக் கொடுக்கக் கூடாது, நடுவில் 7809 வேண்டும்.

எர்த் எந்தப் பக்கம்?

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் நெகட்டிவ்தான் பொது ஒயர், எர்த். 1960-களின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பிஎன்பி வகை. ஓசி71, ஏசி128 என்று போட்ட செட்டுகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பொது ஒயர். ரேடியோவுக்குத் தனி அடாப்டர் மட்டும் என்றால் இதனால் ஒன்றும் கெடாது, பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுத்தால் போதும்.

ஆனால் அந்த செட்டுக்குள் ஒரு ப்ளூடூத் போர்டு வைக்க ஆசைப்படுகிறீர்கள், செட்டின் சப்ளையிலிருந்தே அதற்கும் கரண்ட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ப்ளூடூத் போர்டின் ஆடியோ ஒயரில் ஷீல்டு நெகட்டிவோடு சேர்ந்திருக்கும். ரேடியோவின் ஆடியோ எர்த் பாசிட்டிவோடு சேர்ந்திருக்கும். ஷீல்டை எர்த்தில் பற்றவைத்த அந்த நொடியே பிளஸும் மைனஸும் நேராக ஷார்ட். செல்போனை அதே சப்ளையில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடியோ கேபிள் சொருகினாலும் இதே கதிதான். நெகட்டிவ் உடம்போடு சேர்ந்த இரும்புப் பெட்டியில் பழைய செட்டைத் திருகினாலும் அப்படியே.

வழி எளிது: புதுப் போர்டுக்குத் தனி பேட்டரி, அல்லது இரண்டு பக்கமும் தொடர்பு இல்லாத ஐசோலேட்டட் டிசி கன்வெர்டர். ஆடியோ ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் என்று சின்னதாகக் கிடைக்கிறது, அதையும் போடலாம். எதையும் இணைக்கும் முன் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, வால்யூம் கண்ட்ரோலின் எர்த் கால் பேட்டரியின் எந்த முனையோடு சேர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பழைய உறுப்புக்குப் பதில் புதியது

முதலில் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள். உள்ளே இருக்கும் ஈரம் காலப்போக்கில் காய்ந்துவிடும். பேட்டரிக்குக் குறுக்கே இருக்கும் 100 அல்லது 220 மைக்ரோஃபாரட் காய்ந்துபோனால், வால்யூம் கூட்டும்போது தூரத்தில் வல்லத்தின் (மீன்பிடி படகின்) எஞ்சின் ஓடுவதுபோல டப்-டப்-டப் என்று ஸ்பீக்கரில் கேட்கும். ஒவ்வொரு முறை அவுட்புட் கரண்ட் இழுக்கும்போதும் சப்ளை விழுந்து, அந்த ஆட்டம் அவுட்புட்டுக்கு முந்தைய டிரான்சிஸ்டர்களுக்குத் திரும்பிப் போய், மறுபடி கிளம்புகிறது. புதியது போடும்போது 105 டிகிரி சூடு தாங்கும் வகையாக, வோல்ட்டேஜ் எல்லை பழையதற்குச் சமமாக அல்லது கூடுதலாகப் பாருங்கள். மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் கண்டன்சரில் கூட்டுவது லாபமும்கூட: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 மைக்ரோஃபாரட் என்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தவில் கேட்காது, 470 போட்டால் 42 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

சிலிக்கான் சின்ன டிரான்சிஸ்டர்களை மாற்றுவது சுலபம். பிசி148-க்கு பிசி548, பிசி158-க்கு பிசி558. எஸ்எல்100-க்கு பிடி139, எஸ்கே100-க்கு பிடி140 பெரும்பாலான ஆடியோ இடங்களில் ஓடும். கால் வரிசை மட்டும் மாறும். பிசி548-இன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிடி139-இல் எழுத்துள்ள முகம் நம் பக்கம் என்றால் எமிட்டர், கலெக்டர், பேஸ்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களின் பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டரான 2என்3055 கதை வேறு. பெயர் அன்றும் இன்றும் ஒன்றே, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றல்ல. ஆர்சிஏ என்ற அமெரிக்கக் கம்பெனி 1960-களில் கொண்டுவந்த பழைய வகை மந்தமானது, 1 மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது. இப்போது வருவது குறைந்தபட்சம் 2.5 மெகாஹெர்ட்ஸ். மந்தமான டிரான்சிஸ்டரை நம்பிப் போட்ட சர்க்யூட்டில் வேகமானதை வைத்தால் அது காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானே பாட ஆரம்பிக்கலாம். பாட்டே போடாதபோதும் ஹீட் சிங்க் (சூடு தணிக்கும் தகடு) கொதிக்கிறது, மீட்டரில் எதுவும் பிடிபடவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக ஒரு ஜோடி போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் டிரைவருக்கு (அவுட்புட்டை ஓட்டும் டிரான்சிஸ்டருக்கு) முந்தைய டிரான்சிஸ்டரின் கலெக்டர், பேஸ் நடுவே 47 முதல் 100 பிக்கோஃபாரட். போலி 2என்3055-களும் சந்தையில் ஏராளம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஊரில் வாங்கினாலும் சரி, விலை நம்ப முடியாத அளவு மலிவு என்றால் விட்டுவிடுங்கள்.

ஜெர்மானியம்தான் நிதானமாக அணுக வேண்டியது. நன்றாக இருக்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை மாற்றாதீர்கள். செத்துவிட்டால் சிலிக்கான் போடலாம், ஆனால் அப்படியே அல்ல. ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். ஏசி187, ஏசி188 ஜோடி போட்ட அவுட்புட்டில் இரண்டு பேஸுக்கும் நடுவே சர்க்யூட் விட்டுவைத்திருக்கும் வோல்ட்டேஜ் சிலிக்கான் ஜோடியை எழுப்பப் போதாது. ஒரு டிரான்சிஸ்டர் ஓய்ந்து மற்றது தொடங்கும் இடத்தில் அலை அறுபடும். அடையாளம் தெளிவு: சன்னமாக வைத்தால் குரல் கரகரக்கும், சத்தம் கூட்டினால் சரியாகிவிடும். பேஸ்களுக்கு நடுவே உள்ள ரெசிஸ்டர் அல்லது தெர்மிஸ்டருக்கு (சூட்டுக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டருக்கு) பதில் 1என்4148 டயோடு இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொரு எமிட்டரிலும் 1 ஓம் சேர்த்தால் கரகரப்பு போகும். பாட்டு இல்லாதபோது அந்த 1 ஓம் மேல் 5 முதல் 10 மில்லிவோல்ட் நின்றால் நல்லது. மாற்றினால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

ஜெர்மானியத்துக்கு இந்த ஊர் வெயிலும் ஆகாது. சுமார் 10 டிகிரி சூடு ஏற ஏற அதன் கசிவுக் கரண்ட் இரட்டிப்பாகும். கசிவு கூடினால் சூடு, சூடு கூடினால் கசிவு. பேட்டரி இருந்தவரை அதன் உள் ரெசிஸ்டன்ஸ் இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டது. 13 வோல்ட் காட்டும் '9 வோல்ட்' எலிமினேட்டரை மே மாதத்தில் மாட்டிப் பாருங்கள், ஓட்டம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

"9-க்குப் பதில் 12 கொடுத்தால் சத்தம் கூடுமே" என்பவர்களுக்கு: கணக்குப்படி 8 ஓமில் அதிகபட்சம் 1.27 வாட்டிலிருந்து 2.25 வாட்டுக்குப் போகும். காதுக்கு அது வெறும் 2.5 டெசிபல். அதற்காக 10 வோல்ட் கண்டன்சர்களை வெடிக்க விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உப்பு

கரையோர செட்டுகளைத் திறந்தால் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு, ட்ரான்ஸ்ஃபார்மர் தகடுகளில் துரு. கண்ணுக்குத் தெரியாத உப்பும் இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே கரண்ட்டைக் கசியவிடும். காலையில் கரகர, வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம். எல்லோரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்வார்கள். அது பிசுக்கையும் ஃப்ளக்ஸையும் எடுக்கும், உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பிரஷ், அதன்பின் ஆல்கஹால், பிறகு நன்றாக உலர்த்தல். காயில் டப்பா, ஸ்பீக்கர், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. காய்ந்த பின் பிசிபி வார்னிஷ் மெல்லியதாக அடிக்கலாம், ஸ்விட்சையும் வால்யூம் கண்ட்ரோலையும் விட்டுவிட்டு. கிளீனர் அடித்தும் வால்யூமில் கரகரப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு முந்தைய கண்டன்சர் டிசி-யைக் கசியவிடுகிறதா என்று பாருங்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது

230 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் என்றால் 60 வாட் குண்டு பல்பு தொடராகப் போட்ட சீரிஸ் போர்டில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். 9 வோல்ட் ரேடியோவுக்கு பாசிட்டிவ் ஒயரில் 47 ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போதும். வால்யூம் முழுக்கக் குறைத்திருக்கும்போது சின்ன ரேடியோ 10, 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், ரெசிஸ்டர் மேல் 1 வோல்ட்டுக்குள் நிற்கும். அங்கே 5 வோல்ட் காட்டினால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எங்கோ ஓடுகிறது, உடனே எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்குக் கண்டன்சர் வழியாகப் போகும் செட்டில், இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் சேரும் இடத்தில் சப்ளையில் பாதி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும், 9-க்கு 4.5, அரை வோல்ட் முன்பின் இருக்கலாம். அதுவும் சரியென்றால் 47 ஓமைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 250 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, அரை மணி நேரம் பாட விட்டு அவுட்புட் டிரான்சிஸ்டரில் விரல் வையுங்கள். வைத்த விரலை எடுக்காமல் இருக்க முடிந்தால் மூடியைத் திருகிவிடலாம்.